பொம்மைப் பணம்

எங்கள் காம்பவுண்டில் மோட்டார் ஓடும் சத்தத்தைக்கூடச் சந்தேகப்பட்டவர் மருதை ஒருவர்தான். யார் வீட்டுக் குழாயில் கூடுதலாகத் தண்ணீர் போகிறது என்று மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வருவார். கீரைக்கட்டைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கமாட்டார். பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்ப்பார். காலையில் நான் "டீ குடிச்சாச்சாண்ணே" என்று கேட்டால், எதற்காகக் கேட்கிறேன் என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தலையை ஆட்டுவார்.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் நாலு வீடு சேர்ந்த காம்பவுண்ட் அது. முதல் வீடு என்னுடையது. ரேஷன் கார்டில் என் பெயர் ஆனந்தவள்ளி. இங்கே எல்லோருக்கும் டெய்லரக்கா. பக்கத்து வீட்டுக்கு மருதை குடும்பம் மணப்பாறையிலிருந்து வந்தது. அவருக்குத் தொழில் மாட்டுத் தரகு. சந்தைக்கு முதல்நாள் சாயங்காலமே பஸ் ஏறிப் போய்விட்டு, மறுநாள் சாணி வாடையும் வெற்றிலை வாடையுமாகத் திரும்பி வருவார். மனைவி விஜயராணி வீட்டிலேயே முறுக்குச் சுட்டுக் கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொடுத்தாள். மணப்பாறை முறுக்கை முதலில் அரைவேக்காட்டில் எடுத்து, ஆறவிட்டு, மறுபடி எண்ணெயில் போட வேண்டும். அதனால் அந்த வீட்டு அடுப்பு காலையிலும் எரியும், சாயங்காலமும் எரியும். நாலு வீட்டுக் கொடித் துணியிலும் ஓமமும் எள்ளும் மணக்கும்.

அவர்களுக்கு ஒரே மகள் அறிவுமதி. திருச்சியில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. நிதிக் கணிதம், கடைசி வருஷம். அவள் படிப்புக்காகத்தான் ஊரைவிட்டு இங்கே வந்தார்கள். அது என்ன படிப்பு என்று நான் ஒருநாள் கேட்டேன். ஷேர் மார்க்கெட்டில் எதை எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று மனுஷர் யோசிக்காமல் கம்ப்யூட்டரே முடிவு எடுக்கும்படி கணக்கு எழுதுவதாம். "அப்ப பணக்காரி ஆயிடுவே" என்றேன். எவ்வளவு லாபம் வரும் என்பது பாடமே இல்லை, எவ்வளவு நட்டம் வந்தால் தாங்கலாம் என்பதுதான் பாடம் என்றாள். எனக்கு அது புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

மணப்பாறைச் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசித் தீர்ப்பதில்லை. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சேரும். எந்த விரலைப் பிடிக்கிறார்கள், எத்தனை விரலைப் பிடிக்கிறார்கள் என்பதுதான் விலை. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மேலே வாய் மட்டும், கட்டுபடியாகாது, பல் தேய்ந்துவிட்டது, காலில் சுழி சரியில்லை என்று அலுத்துக்கொண்டே இருக்கும். அது கூட்டத்துக்காகப் பேசுகிற பேச்சு. மருதைதான் இதை எனக்குச் சொன்னார்.

"வாயால என்ன வேணா சொல்லலாங்க டெய்லரம்மா. துண்டுக்குள்ள பொய் சொன்னவன் அடுத்த சந்தைக்குள்ள கால் வைக்க முடியாது" என்றார்.

சந்தையோடு இதை விட்டிருந்தால் பரவாயில்லை. அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். யாராவது ஒன்றை வாய்விட்டுச் சொன்னால், அது நிஜமாக இருக்காது என்பது அவருடைய முடிவு. இல்லை என்று சொன்னால் இருக்கிறது, தெரியாது என்று சொன்னால் தெரியும். தொழில் அவரை அப்படிப் பழக்கிவிட்டது. நல்ல மனுஷர்தான், குடி கிடையாது, பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தது கிடையாது. ஆனால் அவரோடு ஒரு வீட்டுக்குள் இருப்பது என்னால் ஆகாது.

மார்கழி பிறந்திருந்தது. கோயிலுக்குக் கூட்டம் வர ஆரம்பித்து, விஜயாவுக்கு முறுக்கு ஆர்டர் குவிந்தது. ஈரக் காற்றில் முறுக்கு நமுத்துவிடும் என்று அவள் தகர டின்களுக்குள் பிளாஸ்டிக் பையைப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தாள். அன்று மருதை சந்தையிலிருந்து வந்தபோது மகள் குளித்துக்கொண்டிருந்தாள். கட்டில் மேல் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் பச்சை நிறத்தில் ஓர் எண். பதினோரு லட்சத்துச் சொச்சம். மருதை இலக்கங்களை விரல் வைத்து எண்ணிப் பார்த்தார், மறுபடியும் எண்ணினார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வரும்வரை அந்தக் கட்டில் பக்கத்திலிருந்து நகரவில்லை.

"இது என்னா பாப்பா?"

"அது நெசப் பணம் இல்லப்பா. காலேஜ்ல ஒவ்வொரு டீமுக்கும் பத்து லட்சம்னு பேருக்குப் போட்டுக் குடுத்திருக்காங்க. ஷேர் விலை மட்டும் நெசம். நாங்க வாங்குறது, விக்கிறது எல்லாம் பொம்மை. என் புரோகிராம் சரியா முடிவு எடுக்குதான்னு பாக்குறதுக்கு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பா தன் படிப்பைப் பற்றி முதல் தடவையாகக் கேட்கிறாரே என்று அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம். ஈரத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்து அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள்.

"ஜோடி மாடு ரெண்டு இருக்குன்னு வைங்கப்பா. எப்பவும் ரெண்டோட விலையும் ஒண்ணா ஏறும், ஒண்ணா இறங்கும். ஒரு சந்தையில திடீர்னு ஒண்ணு மட்டும் ஏறிப்போச்சு, இன்னொண்ணு அப்படியே நிக்குது. என்ன பண்ணுவீங்க?"

"ஏறினத வித்துட்டு நிக்கிறத வாங்குவேன். அடுத்தடுத்த சந்தையில ரெண்டும் பக்கத்துல வந்துருமே."

"அதேதான். நான் மாட்டுக்குப் பதிலா ரெண்டு பேங்க் ஷேர எடுத்துக்கிட்டேன். எவ்வளவு விலகினா வாங்கணும், திரும்பி வராமலே போச்சுன்னா எந்த இடத்துல நட்டத்தோட நிறுத்திக்கணும், இதத்தான் கணக்கா எழுதியிருக்கேன்."

மருதைக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விளங்கியதுதான் வினையாகப் போயிற்று. புரியாத விஷயமாக இருந்திருந்தால், ஏதோ படிக்கிறாள் என்று விட்டிருப்பார். இது அவர் முப்பது வருஷமாகச் செய்து சோறு தின்கிற வேலை. இதைச் செய்தால் காசு வரும் என்று அவருக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்தவள் காசு பார்க்காமல் சும்மா இருப்பாளா என்று அவர் மனசு கணக்குப் போட்டது. அந்தப் பொம்மை என்ற வார்த்தை கூட்டத்துக்காகச் சொன்னது என்று எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றார். பட்டன் தைக்கக் கொடுத்த சட்டையைக் கேட்டு வந்தவர் சட்டையைக் கேட்கவே இல்லை. காலேஜில் பிள்ளைகளுக்குப் பத்து லட்சம் கொடுப்பார்களா என்றார். பேருக்குத்தானே அண்ணே, விளையாட்டுக்குக் கொடுக்கிற நோட்டு மாதிரி என்றேன். நான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. நானும் அதே பேச்சைப் பேசுகிறேனே, எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கல்லூரிக்கே போய்விட்டார். அங்கே பிரேமலதா மேடம் என்று அந்தப் பாடத்துக்கு ஆசிரியை. உட்காரவைத்து, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, எல்லா டீமின் கணக்கையும் வரிசையாகக் காட்டி, இது பயிற்சிக்கான பொம்மைப் பணம், இதில் ஒரு ரூபாயைக்கூட வெளியே எடுக்க முடியாது என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் மகள் நன்றாகப் படிக்கிறாள், படிப்பை முடித்ததும் சென்னையில் ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். மருதை கும்பிட்டுவிட்டு வந்தார். வந்ததும் என்னிடம் சொன்னதுதான் இன்னும் மறக்கவில்லை.

"டீச்சரும் பொம்மைப் பணம்ங்கறாங்க, இவளும் பொம்மைப் பணம்ங்கறா. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையச் சொன்னா என்ன அர்த்தம்? பேசி வெச்சிருக்காங்க."

இதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்?

அறிவுமதியின் டீமில் இரண்டே பேர். அவளும் ஆரிஃப் என்று ஒரு பையனும். பாலக்கரைப் பக்கம் வீடு. அந்த வாரம் ஏதோ புத்தகம் கொடுக்க வந்தான். விஜயா ஒரு தட்டில் முறுக்கு வைத்துக் கொடுத்தாள். அவன் கடித்துக்கொண்டிருக்கும்போது மருதை பக்கத்தில் போய் உட்கார்ந்து, இதில் உன் பங்கு எவ்வளவு தம்பி என்று கேட்டார். அவன் முறுக்கில் பங்கு கேட்கிறாரோ என்று திருதிருவென்று விழித்தான். பிறகு விஷயம் புரிந்து, பங்கெல்லாம் இல்லை அங்கிள், மார்க்குதான் என்றான். அவனும் இல்லை என்று சொன்னான் அல்லவா, மருதைக்கு அது போதும். அன்றிலிருந்து பையன் பேரும் சந்தேகத்தில் சேர்ந்தது. மகள் போன் பேசினால் அவர் வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி நிற்பார். அவள் காலேஜ் போகும்போது பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே போய், டீக்கடை மறைவில் நின்று பார்த்துவிட்டு வருவார். அவளுக்கு இது தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறுவாள்.

கடைசி செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம் வந்தது. கட்டினால்தான் பரீட்சை எழுதலாம், எழுதினால்தான் சென்னை வேலை. முன்பெல்லாம் கேட்ட அன்றே கொடுத்துவிடுகிறவர், இந்தத் தடவை சந்தை சரியில்லை என்றார். இன்னொரு நாள் கேட்டாள். பார்ப்போம் என்றார். சந்தை நன்றாகத்தான் இருந்தது. தைப் பொங்கல் வரப்போகிறது, உழவு மாடும் கறவை மாடும் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவரிடம் பணம் இருந்தது.

துண்டுக்குள் கையைக் கோத்துக்கொண்டு, எதிராளி விரல் முதலில் அசையட்டும் என்று காத்திருப்பது அவருக்குக் கைவந்த வேலை. மகளையும் அப்படியே நிறுத்திவைத்தார். கடைசித் தேதி நெருங்கினால் தன்னுடைய பதினோரு லட்சத்திலிருந்து எடுத்துக் கட்டத்தான் வேண்டும், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தார். இதை அவர் வாயாலேயே விஜயாவிடம் சொன்னாராம். அவள் மாவைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டாளாம்.

மூன்றாவது தடவை அந்தப் பெண் கேட்கவில்லை. காலையில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போவாள், சாயங்காலம் வந்து அம்மாவுக்கு முறுக்கு எடுத்துக் கொடுப்பாள். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள். அந்த அமைதியைப் பார்த்து மருதைக்குச் சந்தேகம் இன்னும் உறுதியானது. பெற்ற பிள்ளையின் படிப்பை வைத்துக்கொண்டு எவனாவது பேரம் பேசுவானா?

இந்த இடத்தில் விஜயாவின் ப்ளவுஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். முறுக்குக் காசு முழுவதும் மருதை கைக்குத்தான் போகும். டின் கணக்கு அவருக்கு அத்துப்படி. அதில் வாராவாரம் கொஞ்சம் எடுத்து, டெய்லரக்காவுக்கு ப்ளவுஸ் கூலி என்று சொல்லி என்னிடம் கொடுத்துவிடுவாள். நான் அதை என் பேங்க் கணக்கில் தனியாகப் போட்டுவைத்தேன். அவள் சொன்ன கணக்குப்படி பார்த்தால் பீரோ நிறைய ப்ளவுஸ் இருக்க வேண்டும். அவள் மாற்றி மாற்றிப் போட்டதோ அதே நாலைந்து. மாட்டின் வாயைத் திறந்து வயசு சொல்கிற மனுஷர் பெண்டாட்டியின் ப்ளவுஸை ஒருநாளும் கவனித்ததில்லை.

எதற்கு என்று நான் கேட்டதில்லை. எனக்கென்று ஒன்று இருக்கட்டும் அக்கா என்று மட்டும் முதல்நாள் சொன்னாள்.

கடைசித் தேதிக்கு முன்தினம், மருதை சந்தைக்குக் கிளம்பிப் போனதும், தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். என் போனில்தான் பணம் கட்டினோம். அறிவுமதி என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவளுடைய பதிவு எண்ணை அடித்தாள். நான் ரகசிய எண்ணைப் போட்டேன். பணம் போய்விட்டது என்று டிக் விழுந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"இத்தனை நாளா சேத்தியாம்மா?"

"அப்பாவுக்குத் தெரிய வேணாம். கேட்டா காலேஜ்ல தள்ளி வெச்சிருக்காங்கன்னு சொல்லு."

"நான் பொய் சொல்ல மாட்டேம்மா. பேசாம இருந்துக்கிறேன்."

விஜயா மகள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று பேருமே ஒன்றை யோசிக்கவில்லை. கல்லூரியில் பெற்றோர் என்று கொடுத்திருந்தது மருதையின் போன் நம்பரை. மறுநாள் காலை சந்தை நடுவில், ஒரு கிடாரிக்கு விலை பேசி முடித்துத் துண்டை உதறும்போது அவர் போனில் குறுஞ்செய்தி வந்து விழுந்திருக்கிறது. யாரோ ஒரு வியாபாரியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, தமிழிலும் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். உங்கள் மகளின் செமஸ்டர் கட்டணம் பெறப்பட்டது.

அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். நான் அங்கேதான் இருந்தேன். ஏகாதசி ஆர்டர் நெருக்கடி, விஜயாவுக்குப் பாக்கெட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டாவது தடவை எண்ணெயில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அறிவுமதி ஆறியதை அடுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவர் கை கால்கூடக் கழுவவில்லை. போனை மகள் முன்னால் நீட்டினார். கோபம் இல்லை, முகத்தில் ஒரு திருப்தி. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"யாரு கட்டினது?"

அவள் பேசவில்லை.

"எடுத்துட்டேல்ல? இத்தனை நாளு இல்ல இல்லன்னியே, இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

"எங்கிட்ட பணம் இல்லப்பா."

"அப்ப அந்தப் பையன் கட்டினானா?"

விஜயாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. அறிவுமதி இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் பெரிய குரலெல்லாம் எடுக்கவில்லை. சந்தையில் மாடு பிடிக்கவில்லை என்றால் கயிற்றை விட்டுவிட்டு நகர்வது போலச் சொன்னார்.

"நாளையிலேர்ந்து காலேஜ் வேணாம். பொங்கலுக்கு முன்னாடி ஊருக்குப் போயிடுவோம். எவன் காசுல படிக்கிறான்னு தெரியாம எம் பொண்ணு படிக்க வேணாம்."

அறிவுமதி எழுந்தாள். முறுக்கு எண்ணெய் பட்ட கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். அப்பாவின் தோளிலிருந்த துண்டை எடுத்து, அவர் வலது கை மேல் போட்டு, அடியில் தன் கையை நுழைத்தாள்.

"வாயால சொன்னா நம்ப மாட்டீங்கல்ல. இதுக்குள்ள கேளுங்கப்பா, எங்கிட்ட எவ்வளவு இருக்குன்னு."

அந்தத் துண்டுக்குள் ஒரு பெண்ணின் கை வந்ததை அவர் ஆயுசில் பார்த்திருக்கமாட்டார். முதலில் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. பிறகு அவர் கை பழக்கத்தில் தானாக நின்றது. உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. துண்டு அசையவே இல்லை. அவர் விரல் காத்திருந்திருக்கும், அவள் விரல் எதையும் பிடித்திருக்காது. எண்ணெய் பொங்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து அவர் துண்டுக்கு அடியிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையையே பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையா பாப்பா?"

"ஒண்ணுமே இல்லப்பா."

அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். தப்பான மாட்டை வாங்கிவிட்டு வந்த நாளில்கூட அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது. ஆனால் சந்தேகப்பட்டே பழகிய மனசு உடனே ஓய்ந்துவிடுமா? தலையைத் தூக்கினார். அப்ப கட்டினது யாரு என்றார்.

விஜயா அடுப்பை அணைத்தாள்.

"நான்தாங்க."

அவர் அவளைப் பார்த்த பார்வை, அந்த வீட்டில் அவள் என்று ஒருத்தி இருப்பது அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

"முறுக்குக் காசு. டெய்லரக்காட்ட குடுத்து வெச்சிருந்தேன். ப்ளவுஸ் கூலின்னு சொன்னதெல்லாம் அதுதான். இந்த வீட்டுல பணத்த ஒளிச்சு வெச்சது நான். நீங்க அவளைப் போயி வேவு பாத்துக்கிட்டு இருந்தீங்க. பாப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. நானும் அக்காவும்தான் கட்டினோம்."

கடைசியில் சொன்னது பொய். ஏன் சொன்னாள் என்று எனக்கு உடனே புரிந்தது. பெண்டாட்டியோடு மகளும் சேர்ந்து மறைத்தாள் என்று தெரிந்தால், இப்போதுதான் அவள் பேரில் வந்த நம்பிக்கை மறுபடி போய்விடும். மருதை என் பக்கம் திரும்பினார். ஆமாண்ணே என்றேன்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று விஜயாவைக் கேட்டார். மடியில் கிடந்த துண்டைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினார். அவள் அந்தத் துண்டைப் பார்த்தாள். முறுக்கு மாவுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கையையும் அதற்குள் விட்டுக்கொண்டாள்.

"அத நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவர் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். கோயில் பக்கமிருந்து ஜனங்கள் ரோட்டில் போகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் மகளிடம் திரும்பினார். குரலே வேறு மாதிரி இருந்தது.

"உனக்குத் தெரியாதா பாப்பா? அம்மா கட்டினது?"

அறிவுமதி அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"தெரியாதுப்பா."

துண்டை நீட்டுவார் என்று நான் நினைத்தேன். அவர் எதையும் நீட்டவில்லை.

"சரி பாப்பா. நாளைக்குக் காலேஜுக்குப் போ" என்றார். எழுந்து பின்பக்கம் போய்க் கால் கழுவ ஆரம்பித்தார்.

அத்தனை நாளும் அந்தப் பெண் அவரிடம் உண்மையைத்தான் சொன்னாள். ஒன்றைக்கூட அவர் நம்பவில்லை. முதன்முதலாகச் சொன்ன பொய்யை ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது.